நாலு சக்கரம் மாறிய ஞாயிறு

"அது வண்டியா? தகர டப்பா! பிரேக் போட்டா அலறுது."

"உங்களுது மட்டும் என்னவாம்? தொப்பை போட்ட வண்டி. திரும்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ யோசிக்குது!"

மேல்வீட்டுச் சண்டை என் சமையலறை ஜன்னல் வழியாகத் தெளிவாகவே வந்தது. நான் ஒட்டுக்கேட்கவில்லை, அடுப்பைத் தணித்துவிட்டு நின்றேன், அவ்வளவுதான்.

கணவர் சர்வேயர், மனைவி பல் டாக்டர். இருவரிடமும் ஒரே கம்பெனியின், ஒரே பெயருள்ள குட்டி ஸ்போர்ட்ஸ் கார். இரண்டுமே பழசு. அவளுடையது முதல் தலைமுறை: எடை குறைவு, நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால் தோள்பட்டை வலிக்கும். அவருடையது அடுத்த தலைமுறை: இன்ஜின் பெரிசு, சீட் சொகுசு, உடம்பும் கொஞ்சம் கனம். மாதம் ஒரு ஞாயிறு, மூடிக்கிடக்கும் கிடங்கு மைதானத்தில் பிளாஸ்டிக் கூம்புகளை வைத்துப் பந்தயம் நடக்கும். ஒவ்வொரு வண்டியாக வளைந்து நெளிந்து ஓட வேண்டும். கூம்பைத் தட்டினால் நேரம் கூடும். இதற்கா இவ்வளவு படித்தார்கள்!

வீட்டுக்கு ஒரு கார்தான் நிறுத்தலாம் என்று வீட்டு ஓனர் கறாராகச் சொன்னதில் ஆரம்பித்த வினை இது. வரும் பந்தயத்தில் பிந்துகிற வண்டியை விற்பது என்று முடிவாயிற்று. எது தோற்றாலும் வாங்கிக்கொள்ள, பந்தயம் நடத்தும் கிளப்பின் செயலாளர் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா தன் காரைத் துருவோடு வாங்கி, ஒவ்வொரு நட்டாகத் தானே கழற்றி மாட்டியவள். சனிக்கிழமை கிளினிக்குக்குக் கிளம்புகையில் பானெட்டைத் தடவிவிட்டுப் போனாள். எனக்கே மனசு என்னவோ செய்தது.

ஞாயிறன்று மடக்கு நாற்காலியோடு நானும் போனேன். வீட்டில் வேலை இருக்கத்தான் இருந்தது.

அவள் ஒரு கூம்பைக்கூடத் தொடவில்லை. அப்படியும் சர்வேயர் மூன்று விநாடி முந்திவிட்டார். செயலாளர் இளித்துக்கொண்டே வந்தார். அவள் சாவிக்கொத்திலிருந்து கார் சாவியைப் பிரிக்க ஆரம்பித்தாள். ஜெயித்தவர் முகத்திலும் ஈயாடவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏன் தம்பி, நேத்து மத்தியானம் புது டயர் நாலு உருட்டிட்டு வந்தீங்களே, நாலும் உங்க வண்டிக்கேவா?"

அவள் நிமிர்ந்தாள். நேராக அவர் காரிடம் போய், குனிந்து, ஈறைப் பார்ப்பதுபோல் டயரைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

"மெத்து மெத்துன்னு தரையில ஒட்டிக்கிற பந்தய டயர்! இதுதான் உங்க தலைமுறையோட பெருமையா, சர்வேயர் ஐயா?"

"பழசு தேஞ்சிடுச்சுன்னு மாத்துனேன். டயர் என்னத்தப் பெருசா பண்ணிடப் போவுதுன்னு..."

"மூணு செகண்ட் பண்ணியிருக்கு! கழட்டுங்க."

இரண்டு தலைமுறைக்கும் சக்கரத்துக்கு நாலே போல்ட், ஒரே அளவு. ஜாக்கியை அவள் வைத்தாள், ஸ்பேனரை அவர் பிடித்தார். அவள் சக்கரங்கள் அவர் காருக்கு, அவருடையவை அவள் காருக்கு.

மறுபடி ஓடினார்கள். அவளுடைய பழைய டயரில் அவர் கார் வழுக்கிப்போய் மூன்று கூம்புகளைச் சாய்த்தது. அவளோ காலையில் அவர் ஓடிய நேரத்தையும் மயிரிழையில் முந்திவிட்டாள்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு சர்வேயர் கத்தினார்: "அப்பாடா!"

"தோத்ததுக்கு எதுக்குய்யா அப்பாடா?" என்றார் செயலாளர்.

"ஜெயிச்சதே தப்பாப் போச்சுன்னு இருந்துச்சுய்யா. அந்த வண்டிய வித்துட்டு இவ முகத்துல எப்படி முழிப்பேன்?"

"அத அப்பவே வாயத் தொறந்து சொல்றதுக்கென்ன?" என்று அவர் முதுகில் ஒன்று வைத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் போல. சாவி மறுபடி கொத்துக்குள் போயிற்று.

சொன்ன சொல்படி சர்வேயரின் காரைச் செயலாளர் வாங்கினார். ஒரே காரை இரண்டு பேர் மாறி மாறி ஓட்டலாம் என்று அந்தக் கிளப்பில் முதலிலிருந்தே விதி இருந்ததாம். இது தெரிந்தும் வாரக்கணக்கில் கத்தியிருக்கிறார்கள்! பிறகு, சூடான டயர்தான் நன்றாகப் பிடிக்குமாம், யார் முதலில் ஓட்டி அடுத்தவருக்குச் சூடாக்கித் தருவது என்று சண்டை.

காரில் அது சரியில்லை, இது சரியில்லை என்று செயலாளர் வாராவாரம் மேல்வீட்டுக்கு வந்தார். அங்கே தங்கியிருந்த சர்வேயரின் தங்கை ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள். அடுத்த வருஷம் அவரையே கட்டிக்கொண்டாள். விற்ற கார் மாப்பிள்ளையோடு வீட்டுக்கே திரும்பியது. டாக்டரம்மாவும் சர்வேயரும் இரண்டு காரும் நிற்கிற ஷெட் உள்ள வீடு பார்த்துப் போய்விட்டார்கள்.

மேல்வீட்டில் இப்போது ரிட்டயரான ஆடிட்டரும் அவர் மனைவியும். ஒரு சத்தம் கிடையாது. என்ன ஜென்மங்களோ!