பேர் கேட்டது குற்றமா

"காலி வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி உங்க டிரைவிங் லைசென்ஸைக் காட்டுங்க சார்" என்றேன். வீடு வாங்க வருகிறவர்களிடம் கேட்கவே கூடாதென்று முதலாளி லோர்னா சொல்லிவைத்திருந்தது இதைத்தான். வீடு பார்க்க வந்தவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

அமெரிக்காவின் துல்சா நகரில் வீடு விற்றுக்கொடுக்கும் எங்கள் அலுவலகத்தில் லோர்னா என்மேல் பாய்ந்தாள். "ஏண்டி, வந்தவனைத் திருடனாக்கிட்டியே! இருபது வருஷமா நானும் முன்பின் தெரியாதவங்களுக்கு வீடு காட்டத் தனியாத்தான் போறேன். கோட்டுக்குள்ள துப்பாக்கி இருக்கும், வாயில சிரிப்பு இருக்கும். உனக்கும் சுடக் கத்துக்கொடுத்தேன்ல?"

"பேரு கேட்டா மரியாதைக் குறைவு, சுட்டா பரவாயில்லையா?"

"படிச்ச திமிரு! மன்னிப்புக் கேளு, இல்லேன்னா கிளம்பு."

அவள் குரல் நடுங்கியது. இருபது வருடப் பயம் அது, பாவமாகத்தான் இருந்தது. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். என் வருமானத்தை நம்பி நான்கு பேர். ஆனாலும் யாரென்று கேட்காமல் ஒருவரைச் சுட என்னால் முடியாது. விற்பனைக்கிருந்த வீடுகளின் சாவிகளை அவள் மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தேன்.