யதுகிரியின் துப்பாக்கி மக்கர் பண்ணிய காலை

மைசூர் சரஸ்வதிபுரத்தில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் வீணை இருக்கும். யதுகிரி வீட்டில் துப்பாக்கி. லைசென்ஸும் அவள் பேரில்தான். புருஷன் சம்பத்குமார் பேரில் இருப்பது ஸ்கூட்டரும் கரண்ட் பில்லும். காபி எஸ்டேட்டில் மேனேஜராக இருந்த அப்பா விட்டுப்போன லீவர் ரைஃபிள் அது. விசையைச் சுற்றியிருக்கும் இரும்பு வளையத்தை முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால் பழைய தோட்டா வெளியே துள்ளும், புதியது உள்ளே ஏறும். ஞாயிறு தோறும் ரிங் ரோட்டைத் தாண்டியிருக்கும் கிளப்புக்குப் போய், காகித வட்டத்தைச் சல்லடையாக்கிவிட்டு வருவாள். அந்த ஒரு காலைப்பொழுதில் யாருக்கும் டிகாக்‌ஷன் இறக்க வேண்டாம்.

சம்பத்குமாருக்கு அது கண்ணை உறுத்தியது. ரிடையரான பேங்க் மேனேஜர் அல்லவா, ஆபத்தைக் கணக்குப் போட்டே பழகியவர். போன மாதம் மகள் ரக்ஷாவைச் சாட்சியாக வைத்து வாக்கு வாங்கிவிட்டார்: ஒரு தடவை சுடாமல் மக்கர் பண்ணினாலும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். யதுகிரி யோசிக்காமல் சரியென்றாள். அது ஒருநாளும் மக்கர் பண்ணியதில்லையே.

அந்த டிசம்பர் ஞாயிறன்று, என்றுமில்லாத அதிசயமாக அவரே கூட வந்தார். எதிர்வீட்டு லீலாவும் காரில் ஏறிக்கொண்டாள். கேட்டதற்கு, வாக்கிங் போகக் குளிராக இருக்கிறதாம். குளிருக்குப் பயந்தவள் வெட்டவெளியில் ஸ்வெட்டரோடு போனைத் தூக்கிப் பிடித்து நின்றாள்.

யதுகிரி குறிபார்த்து விசையை அழுத்தினாள்.

டிக். அவ்வளவுதான்.

"என்னது, சத்தத்தையே காணோம்?" என்றாள் லீலா.

சம்பத்குமாரின் கை வளையத்தை நோக்கி நீண்டது. "இழுத்துத் தள்ளேன், வெளியில வந்துடும்."

"கையை எடுங்கோ!" யதுகிரி குழலை வட்டத்தின் பக்கமே பிடித்தபடி நின்றாள். சில தோட்டா தாமதித்து வெடிக்கும்; பாதி திறந்த நேரத்தில் வெடித்தால் முகம் போய்விடும். அவள் கழுத்தில் வியர்வை பொடித்தது. வெடிக்குமோ என்ற பயம் ஒரு பங்கு. வெடிக்காமலே போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமையே போய்விடும் என்ற பயம் மூன்று பங்கு.

வெடிக்கவில்லை. கிளப்பைக் கவனித்துக்கொள்ளும் ஹேமந்த் சற்றுப் பொறுத்து, தோட்டாவை வெளியே எடுக்கச் சொல்லி, அடி விழ வேண்டிய விளிம்பைப் பார்த்தான். "அடி சரியா விழலை மேடம். லேசா கீறின மாதிரி இருக்கு. இன்னொண்ணு போட்டு நோடோணா, பார்த்துடலாம்."

அடுத்ததும் டிக். அதற்கடுத்ததும்.

"வாக்கு வாக்குதான்," என்றார் சம்பத்குமார். குரலில் வெற்றி இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ தடுமாற்றம் இருந்தது. யதுகிரி அதைக் கவனித்தாள்.

அதே டப்பாவிலிருந்து ஒரு தோட்டாவை ஹேமந்த் கிளப் துப்பாக்கியில் போட்டுச் சுட்டான். டமாரென்று வெடித்தது. லீலா போனைக் கீழே போட்டாள். ஆக, தோட்டாவில் குறையில்லை.

"ஸ்பிரிங் போயிருக்கும். பழசு, பாவம்," என்றான் ஹேமந்த். "ஸ்பிரிங் போனா நாங்க இங்க சேர்க்கிறதில்லை மேடம்."

போன ஞாயிறு நன்றாயிருந்த ஸ்பிரிங் அலமாரிக்குள் இருந்துகொண்டே எப்படிப் போகும்? யதுகிரி தோட்டாக்களை எல்லாம் வெளியே எடுத்தாள். இரண்டு தரம் உள்ளே பார்த்து, காலி என்று தெரிந்தபின் பக்கத்துத் திருகைக் கழற்றினாள். துப்பாக்கி இரண்டாகப் பிரிந்தது. குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைக் கையில் எடுத்தாள். தோட்டாவைக் குத்த வேண்டிய ஊசி விரலால் தள்ளியும் நகரவில்லை. அதைச் சுற்றி வெள்ளையாக மெழுகுபோல் ஏதோ உறைந்திருந்தது.

முகர்ந்தாள்.

"ஏன்னா, இதுல என்னத்தைத் தடவினேள்?"

"நானா?"

"தேங்காயெண்ணெய் வாசனை வர்றது."

லீலா இரண்டடி கிட்டே வந்தாள். கீழே விழுந்த போன் உடைந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை.

"நடுவுல நீ மேல்கோட்டை கோவிலுக்குப் போயிருந்தப்போ பார்த்தேன், ஓரமெல்லாம் துரு," என்று அவர் செருப்பைப் பார்த்துச் சொன்னார். "நல்ல எண்ணெய்தானே, நீ தலைக்குத் தடவிக்கிறது. தாராளமாவே விட்டேன்."

"மைசூர் குளிர்காலத்துல அது பாட்டில்லயே கல்லாட்டம் உறைஞ்சு கிடக்குமே! துரு போகணும்னு விட்டேளா, துப்பாக்கி போகணும்னு விட்டேளா?"

அவர் நிமிர்ந்தார். முகம் சிவந்திருந்தது. "எனக்கு அது ஆகாதுதான். அதுக்காக உன் அப்பா சாமானைக் கெடுப்பேனா, யது?"

யதுகிரி அவரையே பார்த்தாள். முப்பது வருஷம் பொய் சொல்லத் தெரியாமலே பேங்கில் காலம் தள்ளிய முகம். லீலா இன்றைக்கும் நம்பவில்லை. அது அவள் பாடு.

ஹேமந்த் மண்ணெண்ணெய் கொண்டுவந்தான். வழித்துத் துடைத்ததும் ஊசி முன்னும் பின்னும் சுலபமாக ஓடியது. துளி மெஷின் எண்ணெய் விட்டு, திருகை மாட்டி, ஒரே ஒரு தோட்டாவைப் போட்டாள். மூச்சை நிறுத்திக்கொண்டாள்.

டமார்! காகிதம் துடித்தது.

"சரியாய்த்து மேடம்!" என்றான் ஹேமந்த்.

"ஆனாலும் மக்கர் பண்ணித்தே. ரக்ஷா எதிர்ல சொன்னாயே," என்று முனகினார் சம்பத்குமார்.

"துப்பாக்கி பண்ணலை. நீங்க பண்ணினேள். ஒப்படைக்கணும்னா உங்களைத்தான் கொண்டுபோய் ஸ்டேஷன்ல விடணும்."

ஹேமந்த் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தான். சம்பத்குமார் மண்ணெண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு, "குழலுக்குள்ளயும் கொஞ்சம் விட்டேன். அதையும் பார்த்துடலாமா?" என்றார்.