ஏணிக் கைப்பிடி

காற்று ஏறிக்கொண்டே போனது. நான் வடிவமைத்த முப்பது மீட்டர் டிஷ் ஆன்டெனாவை வானம் பார்க்க மல்லாத்தினால்தான் அது பிழைக்கும். எழுபது டிகிரியில் மோட்டார் உறுமிவிட்டு நின்றது.

"எதிர் எடை ஏணிக் கைப்பிடியில இடிக்குது மச்சான்!" ஏணி உச்சியிலிருந்து வாக்கிடாக்கியில் கத்தினார் வெல்டர், என் தங்கையின் கணவர். "எந்தப் புத்திசாலி இதை இங்க வச்சது?"

வரைபடத்தில் அந்தக் கைப்பிடியே கிடையாது. போன மாதம் இவர் இதே ஏணியில் வழுக்கினார், தங்கை அழுது தீர்த்தாள். அளந்துகூடப் பார்க்காமல் உடனே வைக்கச் சொன்ன மகானுபாவன் நான்தான்.

"நான்தான் மாப்ளே. அறுத்துப் போடுங்க, சீக்கிரம்!"

வாக்கிடாக்கியில் அவர் கட்டரை முடுக்கும் சத்தம் கேட்டது.

"அறுத்துடறேன் மச்சான். அப்புறம் நான் எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது?"