மூலையில் வைத்த மஞ்சள்

சந்திரிகாவின் கடையில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் இரண்டு நாடுகள் கிடந்தன. 'இந்தியாவில் செய்தது' என்று அச்சடித்த வட்டத் தாள்கள் பாதி. 'பாகிஸ்தானில் கையால் தைத்தது' என்று பச்சை நூலில் எழுதிய சின்னத் துணிப்பட்டைகள் மீதி. எல்லையில் பீரங்கியை நிறுத்தி வைத்துக்கொண்டு முறைக்கிறவை இங்கே ஒன்றன்மேல் ஒன்று படுத்திருந்தன. இரண்டையும் பிரித்துப் போட்டவள் சந்திரிகாதான். குப்பையில் எறிய மனம் வரவில்லை. எதற்காக வைத்திருக்கிறாய் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

கடை என்று பெரிதாகச் சொல்கிறேன். பினாங்கில், ஜார்ஜ்டவுன் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் பாத்திரக் கடைக்கு மேலே, மரப்படி ஏறிப் போனால் ஒரே ஒரு நீள அறை. ஒரு வெட்டுமேசை, மூன்று தையல் மிஷின், சந்திரிகா, அவளோடு வேலை செய்யும் காமாரியா. அவ்வளவுதான். ஆனால் பட்டர்வொர்த்திலிருந்தும் சுங்கை பாக்காப்பிலிருந்தும் கல்யாணப் பெண்களின் அம்மாக்கள் அந்தப் படியை மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். சந்திரிகா ரவிக்கை தைத்துக் கொடுத்தால் கல்யாணம் தடங்கல் இல்லாமல் நடக்கும், அவள் கைராசி அப்படி என்று ஒரு பேச்சு எப்படியோ பரவியிருந்தது. சந்திரிகா அதை நம்பினாளா என்று கேட்டால், நம்பாதவள் மாதிரி சிரிப்பாள். ஆனால் மிஷின் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் குழைத்த மஞ்சள் இல்லாமல் அவள் வேலையைத் தொடங்கியதில்லை.

நம் வீடுகளில் புதுத்துணி எடுத்தால் மூலையில் துளி மஞ்சள் தொட்டு வைப்போமே, அதேதான். புதுத்துணியை வெட்டும்போது ஒரு தொடல், தைத்து முடித்து மடிக்கும்போது உள்மடிப்பில் ஒரு தொடல். மலாய்க்காரப் பெண்களின் துணிக்கு மட்டும் வைக்கக்கூடாது என்று காமாரியா கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்தாள். அப்படியும் கை போய்விடும். தானும் மலாய்க்காரியான காமாரியா "காக்" என்று, அக்கா என்பதற்கான மலாய்ச் சொல்லால், அதட்டினால் கை பாதியில் நிற்கும்.

கராச்சியிலிருந்து வந்த நசீமாவை சந்திரிகா கோலாலம்பூரில் நடந்த ஒரு துணிக் கண்காட்சியில் சந்தித்தாள். இரண்டு பேரும் புருஷன் துணையில்லாமல் வந்து, சாப்பாட்டுக்கூடத்தில் ஒரே மேசையில் உட்கார்ந்தவர்கள். கீழே மலாய் எழுத்து ஓட ஓட இந்திப் படம் பார்த்தே வளர்ந்ததால் சந்திரிகாவுக்கு நசீமாவின் உருது கொஞ்சம் பிடிபடும். மீதியை ஆங்கிலம் பார்த்துக்கொண்டது. நசீமாவின் வீட்டு மாடியில் ஐந்து பெண்கள் மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, குனிந்து உட்கார்ந்து சரிகை வேலை செய்தார்கள். அதுதான் அந்த ஐந்து வீட்டுக்கும் சோறு. துப்பட்டாவும் ரவிக்கைத் துணியும் அங்கிருந்து பினாங்குக்கு வந்தன. தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் சந்திரிகாவின் கடையில் அவற்றுக்கு அடிதடி. நசீமா அவளை பாஜி என்றுதான் கூப்பிடுவாள். அங்கே அக்காவுக்கு அதுதான் சொல். நாள் தவறாமல் போனில் குரல்பதிவு வந்துவிடும்: மகளுக்குக் காய்ச்சல், மின்சாரம் போய்விட்டது, இன்று கத்தரிக்காய் சமைத்தேன், நீ என்ன செய்தாய்?

இதில் ஒரு சிக்கல் இருந்தது. நசீமாவின் கைக்குச் சூரத் சரிகைதான் படியும். வேறு சரிகை போட்டால் பினாங்கின் ஈரக்காற்றில் ஒரே வருஷத்தில் கறுத்துப்போகும். சூரத்தோ இந்தியாவில் இருக்கிறது. இரண்டு நாட்டுக்கும் நேர் வியாபாரம் நின்று பல வருஷமானதால், அந்தச் சரிகை துபாய் சுற்றித்தான் கராச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. போன வருஷம் மே மாதம் சண்டை மூண்டது. அவன் சாமான் எங்களுக்கு வேண்டாம், இவன் சாமான் எங்களுக்கு வேண்டாம், வேறு நாடு வழியாக வந்தாலும் வேண்டாம் என்று இரண்டு பக்கமும் கதவை அடித்துச் சாத்தின. துபாய்க்காரர் கையை விரித்துவிட்டார்.

பினாங்கில் குண்டு எதுவும் விழவில்லை. விழுந்ததெல்லாம் வாட்சப்பில்தான். இரண்டு நாட்டுப் பக்கமும் கால் வைத்தறியாதவர்கள்கூட இங்கே ஆவேசப்பட்டார்கள். சுங்கை பாக்காப்பிலிருந்து வந்த நவமணி, மகள் காமினியின் கல்யாண ரவிக்கைக்கு நசீமாவின் துணியைத்தான் ஆசையாகத் தேர்ந்தெடுத்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"இது பாகிஸ்தான் சாமானா? அப்படின்னா வேணாம்லா சந்திரிகா. சொந்தக்காரங்க வாய் சும்மா இருக்காது."

சந்திரிகா சிரித்து மழுப்பினாள். நவமணி படியிறங்கியதும் கத்திரியை எடுத்து எல்லாத் துணியிலிருந்தும் பச்சை எழுத்துப் பட்டைகளைப் பிரித்தாள். பிரிக்கும்போது நசீமாவின் பெயரையே பிரிப்பதுபோல் இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் பிரித்தாள்.

அடுத்த வாரம் நசீமா அழுதாள். கையிருப்புச் சரிகை தீர்ந்துகொண்டிருந்தது, ஐந்து பெண்களில் இரண்டு பேருக்கு வேலை இல்லை. கோலாலம்பூரில் சூரத் சரிகை தாராளமாகக் கிடைக்கிறது, நான் வாங்கி அனுப்புகிறேன் என்று சந்திரிகாதான் சொன்னாள். நசீமா பயந்தாள். சந்திரிகா தைரியம் சொன்னாள். பாதி பாசம், பாதி பிழைப்பு. இல்லையென்றால் அவள் கடைக்கும் சரக்கு வராதே.

இப்படித்தான் நூல் சுற்றுகிற வேலை ஆரம்பித்தது. சூரத் கண்டுகளில் ஒட்டியிருந்த வட்டத் தாள்களைப் பிய்த்து டின்னில் போட்டுவிட்டு, சரிகையை உருவி, இங்கே வாங்கிய வெற்றுக் கட்டைகளில் சுற்றினார்கள். மத்தியானம் ஆள் வராத நேரத்தில் காமாரியா ஒரு முனையைப் பிடிக்க, சந்திரிகா சுற்றுவாள். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருக்கும் சந்திரிகாவின் புருஷன் குணாளன் ஒரு நாள் அழைத்துப்போக வந்தபோது இதைப் பார்த்துவிட்டான். கோபப்படவில்லை. சுற்றி முடிக்கும்வரை நின்றுவிட்டுச் சொன்னான்.

"மாட்டுனா உனக்கு ஒண்ணும் ஆகாது. இங்க இது குத்தமில்ல. அந்தப் பொம்பளைக்குத்தான்லா எல்லாம். அத யோசிச்சியா?"

யோசித்தேன் என்றாள். யோசிக்கவில்லை.

முதல் பார்சல் போய்ச் சேர்ந்தது. இரண்டாவதும் போய்ச் சேர்ந்தது. இரண்டையும் கட்டியது காமாரியா, பழைய நாளிதழைக் கசக்கிச் சுருட்டி. நசீமாவின் குரலில் சிரிப்பு திரும்பியது. ஐந்து பெண்களும் வந்துவிட்டார்கள், உனக்காக எல்லாரும் தொழுகையில் துஆ செய்கிறார்கள் என்றாள். பின்னால் அந்தப் பெண்களின் குரல்களும் கேட்டன. சந்திரிகா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

மூன்றாவது பார்சல் கட்டுகிற வெள்ளிக்கிழமை காமாரியா லீவு. பாலேக் பூலாவில் அவள் மகளுக்கு நிச்சயதார்த்தம். சந்திரிகா தானே கட்டினாள். நாளிதழின் மை சரிகையில் ஒட்டுமோ என்று ஒரு சந்தேகம், பிளாஸ்டிக் போட்டால் வேர்க்கும் என்று இன்னொரு சந்தேகம். மல் துணிக் கட்டிலிருந்து புதுசாக ஒரு முழம் கிழித்து, குழந்தையைச் சுற்றுவதுபோல் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். காலையில் விளக்கேற்றிவிட்டு வந்த மனசு நிறைவாக இருந்தது. நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று நினைத்துக்கொண்டே பெட்டியை ஒட்டினாள்.

பிறகு கராச்சியிலிருந்து குரல் வரவில்லை. நாள் தவறாமல் வந்த குரல். சந்திரிகா சோற்றைப் பிசைந்துவிட்டுப் போனைப் பார்த்தாள், ஊசியில் நூல் கோத்துவிட்டுப் போனைப் பார்த்தாள். குணாளன் எதுவும் கேட்கவில்லை. அவன் கேட்காததே அவளுக்குத் தாங்கவில்லை.

ஒரு மத்தியானம் குரல் வந்தது. வழக்கமான வேகம் இல்லை. வார்த்தைகளைப் பொறுக்கி எடுத்துப் பேசினாள் நசீமா. பார்சல் சுங்கத்தில் பிடிபட்டது. அதிகாரிகள் மாடிக்கு வந்து மரச்சட்டங்களை எல்லாம் அடுக்கி அறையைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள். தொழில் பதிவு ரத்து, வழக்கு உண்டு. எதிரி நாட்டுச் சாமானை எதற்காக வாங்கினாய் என்று நாள் முழுக்க உட்காரவைத்துக் கேட்டார்கள். ஐந்து பெண்களும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கடைசியாக ஒன்று கேட்டாள்.

"பாஜி, நூல் சுற்றியிருந்த துணியின் மூலையில் மஞ்சளாக ஒரு கறை இருந்தது. அது என்ன? அதைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் பிரித்தார்கள். அங்கே இருந்த பெண் அதிகாரி, எங்கள் தெருவில் ஒரு இந்து வீடு இருக்கிறது, அவர்கள் புதுத்துணிக்கு இப்படித்தான் வைப்பார்கள் என்றாள். அதற்கப்புறம் நூலைத் தெரிந்த ஒருவரை வரவழைத்தார்கள். அவர் தொட்டதுமே சூரத் என்று சொல்லிவிட்டார்."

சந்திரிகாவுக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. வைத்த ஞாபகமே இல்லை. அப்புறம் தன் வலது கையைப் பார்த்தாள். மோதிரவிரல் நுனி எப்போதும்போல் மஞ்சளாக இருந்தது. அப்படியே வெட்டுமேசையில் கையை ஊன்றிக்கொண்டாள்.

காமாரியா நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் லீவு போட்டிருக்கக்கூடாது என்று மலாயில் முணுமுணுத்தாள். பாவம், அவள் மேல் என்ன தப்பு! ஒவ்வொரு தாளாகத் தேடிப் பிய்த்து, ஒவ்வொரு கண்டாகச் சுற்றி, இந்தியா என்கிற எழுத்து ஒன்றுகூட இல்லாமல் துடைத்தவள் சந்திரிகா. தன் விரலை மட்டும் துடைக்க மறந்துவிட்டாள். கெட்டது நினைத்துச் செய்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

போனை எடுத்துப் பேசினாள். தெரிந்த இந்தியையும் ஆங்கிலத்தையும் போட்டுக் குழப்பி, நான்தான் வைத்தேன், தெரியாமல் வைத்துவிட்டேன், நல்லபடியாகச் சேர வேண்டும் என்றுதான் எங்களில் வைப்பார்கள் என்றாள். மன்னிப்பு கேட்க வாயெடுத்தாள். பாதியிலேயே அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம் பதில் வந்தது. அதுதான் நசீமாவின் கடைசிக் குரல்.

"யார் அனுப்பியது என்று கேட்டார்கள். என் அக்கா என்றேன். உனக்கு ஏது அங்கே அக்கா என்று சிரித்தார்கள். நல்லதுக்கு வைத்தது என்று தெரிந்தது, அது போதும் பாஜி. நூலை எடுத்துக்கொண்டார்கள், துணியைக் கீழே போட்டார்கள். அதை நான் எடுத்து வந்துவிட்டேன். இனி எதுவும் அனுப்பாதே. பேசவும் வேண்டாம். போனைப் பார்க்கிறார்கள்."

சந்திரிகா ஒரு வார்த்தைகூடத் திருப்பிப் பேசவில்லை. பேசினால் நசீமாவுக்கு ஆபத்து. இரண்டு அரசாங்கம் சேர்ந்து இரண்டு பொம்பளைகளின் வாயை அடைத்துவிட்டது, சமர்த்துதான்.

நசீமாவின் கைவேலையில் கடையில் மிஞ்சியது காமினியின் ரவிக்கை மட்டும். சந்திரிகா அதைத் தைத்து முடித்தாள். மடிப்பதற்கு முன் பிஸ்கட் டின்னைத் திறந்து, ஒரு பச்சை எழுத்துப் பட்டையை எடுத்து, ரவிக்கையின் உள்பக்கம், முதுகுத் தையலில் வைத்துத் தைத்தாள். காமாரியா பார்த்துவிட்டு டின்னை மூடி வைத்தாள்.

நவமணி கல்யாணத்துக்கு முந்தின வாரம் வந்தாள். ரவிக்கையை விரித்துச் சரிகையைத் தடவிப் பூரித்துப்போனாள். உள்பக்கம் திருப்பியதும் முகம் சுருங்கியது.

"அக்கா, இது கராச்சியில நசீமான்னு ஒருத்தி செஞ்ச வேலை," என்றாள் சந்திரிகா. "அன்னிக்கே சொல்லியிருக்கணும். இனிமே அவளால செய்ய முடியாது. என்னாலதான்."

நவமணி ரவிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கெட்டவள் இல்லை. மகள் கல்யாணம், பத்திரிகை எல்லாம் கொடுத்தாகிவிட்டது, வேலையோ கண்ணைப் பறிக்கிறது. மேசையில் கிடந்த கத்திரியை எடுத்தாள். பட்டையை நறுக்நறுக்கென்று பக்குவமாகப் பிரித்து ஓரமாக வைத்தாள். பிறகு ரவிக்கையின் உள்மடிப்பைத் தூக்கி சந்திரிகாவின் பக்கம் நீட்டினாள்.

"மஞ்சள் வச்சுக் குடு. உன் கைராசிக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."

"என் கை வேணாம்க்கா," என்றாள் சந்திரிகா. "நீங்களே வைங்க."

நவமணி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மேலே கேட்காமல் கிண்ணத்தில் விரலை நனைத்துத் தானே வைத்துக்கொண்டாள். பையை வாங்கிக்கொண்டு, கல்யாணத்துக்குக் கண்டிப்பாக வரவேண்டும் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

சந்திரிகா மேசையைத் துடைத்தாள். துணுக்குகளைக் கூட்டித் தள்ளினாள். ஓரத்தில் கிடந்த பச்சை எழுத்துப் பட்டையை எடுத்து நீவி, நான்காக மடித்து, டின்னைத் திறந்தாள். உள்ளே போடப்போகும்போதுதான் கவனித்தாள். பட்டையின் மூலையில் மஞ்சள் இருந்தது. ஈரமாக, இப்போதுதான் வைத்தது; அவள் மோதிரவிரல் நுனியிலும் அதே ஈரம்.

காமாரியா எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறாள். இந்த முறை அவள் அதட்டவில்லை.