அசையாத கை

நீலத் துணி விரித்த தட்டில் மூன்று வாட்ச் மெஷின்கள் கிடந்தன. கூடு இல்லை, டயல் இல்லை, முள் இல்லை. வெறும் உள்மெஷின். முதலாளி தட்டை முள்ளுக்காரர் மேசையில் வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பத்து வருஷமாக இவர்கள் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த மெஷினைச் செய்கிற கம்பெனி, இனி வெளியாளுக்குக் கொடுப்பதில்லை என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டது. கையிருப்பு ஒன்றரை மாதத்துக்கு வரும். அதற்குள் வேறு மெஷின் அமையாவிட்டால் ஏழு பேர் வேலை செய்யும் இந்த அறைக்குப் பூட்டுதான்.

இவர்கள் செய்தது சாதாரண ஜனங்கள் வாங்கிக் கட்டக்கூடிய ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம். பேட்டரி கிடையாது. தினமும் சாவி கொடுக்கவும் வேண்டாம். உள்ளே அரைவட்டமாக ஒரு தகடு இருக்கும். கை ஆட ஆட அது சுழன்று தானாக முறுக்கேற்றிக்கொள்ளும். டயலுக்கு மேலே முள் பொருத்துவதும், ஓட்டம் சரிதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவதும் முள்ளுக்காரர் வேலை. பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். அவர் கையெழுத்து இல்லாமல் அந்த அறையை விட்டு ஒரு கடிகாரமும் வெளியே போனதில்லை.

முதல் மெஷின் அருமையானது. விலை இரண்டு மடங்கு. "இதப் போட்டா நம்ம வாட்ச்ச நாமளே வாங்க முடியாது" என்றார் வார் மாட்டுகிற பட்டைக்காரர். இரண்டாவது மயிரிழை தடிப்பு கூட. கூட்டுக்குள் இறங்கியது, ஆனால் பின்மூடி மூடவில்லை.

"உன் தொப்பைக்குச் சட்டைப் பொத்தான் போடற கதைதான் தம்பி" என்று கண்ணாடி துடைக்கும் அக்கா பட்டைக்காரரைப் பார்த்துச் சொன்னாள். இரண்டாயிரம் கூடு செய்து அடுக்கியாகிவிட்டது. இனி அதை மாற்ற முடியாது.

மூன்றாவது, அளவெடுத்துத் தைத்தது மாதிரி உட்கார்ந்தது. விலையும் கட்டியது. ஒரே ஒரு சங்கடம், அதன் தகடு ஒரு பக்கம் சுற்றினால்தான் முறுக்கேறும். மறுபக்கம் உர்ரென்று சும்மா ஓடும். நாள் முழுக்க உட்கார்ந்து எழுதுகிறவன் கட்டினால் போதுமான முறுக்கு ஏறுமா என்பதுதான் கேள்வி.

"நீங்க கட்டிப் பாத்துச் சொல்லுங்க. நீங்க சரின்னா சரி" என்றார் முதலாளி.

"என் கை ஆகாது முதலாளி. ஆடுற கையில எந்த மெஷினும் ஓடும். அசையாத கை வேணும்."

"அசையாத கைக்கு எங்க போறது?"

"சம்பளத்த உசத்தச் சொல்லிக் கேளுங்கண்ணே. முதலாளி கை அசையவே அசையாது. அதுல கட்டிடலாம்" என்றார் பட்டைக்காரர். முதலாளியே சிரித்துவிட்டார்.

முள்ளுக்காரருக்கு அந்த நேரத்தில்தான் மனைவியின் ஞாபகம் வந்தது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால்வரை அவள் தையல் கம்பெனியில் காஜா எடுத்தாள், பொத்தான் கட்டினாள். கண் மங்குகிறது என்று நின்றுவிட்டாள். அதிலிருந்து ஜன்னலோரம் ஒரு நாற்காலி, மடியில் ஒரு துண்டு, பக்கத்தில் ரேடியோ. காலையில் விட்டுப் போனால் சாயங்காலமும் அதே இடம். பேச்சும் குறைந்து போயிருந்தது. வயசாகிறது, சத்துக் குறைவு என்று அவராக ஒரு பெயர் வைத்துக்கொண்டிருந்தார். இதைவிட அசையாத கை ஊரில் எங்கே கிடைக்கும்?

எட்டு நாள் அவள் கையில் கட்டினார். காலையில் முறுக்கு முழுதும் இறங்கின மெஷினைக் கட்டிவிட்டுப் போவார், வேலை முடிந்து வந்து கழற்றி மேசைமேல் வைத்து, எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பார்ப்பார். ஒரே மாதிரி மூன்று கடிகாரம், நாளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றி. ஒவ்வொன்றும் நாற்பது மணி நேரம் ஓடியது. அதற்குமேல் அந்த மெஷினால் ஓடவே முடியாது. அவருக்கே ஆச்சரியம். இன்னொரு கையிலும் கட்டிப் பார்க்கலாமே என்று ஒரு தடவை தோன்றத்தான் செய்தது. நாள் இல்லை. "அசையாத கையில் எட்டு நாள். முறுக்கு முழுசு" என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டாயிரம் மெஷின் வந்து இறங்கியது. கட்டிப் பார்த்ததில் ஒன்றை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்றார் முதலாளி. "நீ பாஸ் பண்ணின மெஷின்" என்று சொல்லி அதைக் கட்டிவிட்டபோது, வெகுநாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

ஐந்தாம் மாதம் கடிகாரங்கள் திரும்பி வர ஆரம்பித்தன. முதலில் ஒன்றிரண்டு. பிறகு தபால்காரர் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூட குமாஸ்தா, கவுண்ட்டரில் டிக்கெட் கொடுப்பவர், ஓய்வு பெற்ற ஒருவர், எல்லாரும் எழுதியிருந்தது ஒன்றுதான்: நாள் முழுதும் கட்டியிருந்தும் மறுநாள் விடிவதற்குள் நின்றுவிடுகிறது. முள்ளுக்காரர் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். மெஷினில் பழுது இல்லை. சாவி கொடுத்தால் ஓடுகிறது. கையில்தான் ஓடவில்லை.

முதலாளி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"யார் கையில கட்டிப் பாத்தீங்க?"

"வீட்லதான்."

"அவங்க எங்கயும் போக மாட்டாங்கன்னு சொல்வீங்களே?"

"ஆமா, உக்காந்தேதான் இருப்பா."

"பின்ன எப்படி?"

அறையில் எல்லாரும் குனிந்து வேலை செய்கிற மாதிரி இருந்தார்கள். யார் கையும் ஓடவில்லை. அந்த ஒரு கடிகாரத்தை எடுத்து வந்து பார்க்கிறேன் என்று அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

உச்சி வெயிலில் அவர் வீட்டுக்கு வந்து வருஷக்கணக்காகிறது. தன்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்தார். ரேடியோவில் யாரோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. உர்ர், உர்ர், உர்ர். தகடு மறுபக்கம் ஓடுகிற சத்தம். ஆளைப் பார்ப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

அவள் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். நாற்காலிக் கைப்பிடியில் கடிகாரம் கட்டின வலது கை கிடந்தது. தோளிலிருந்து முழங்கைவரை அவள் கை. அதற்குக் கீழே வேறு யாருடையதோ. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் ஊசியில் கோக்க நூல் முனையைத் திரிப்பது மாதிரி திரித்துக்கொண்டே இருந்தன. மணிக்கட்டு விடாமல் துடித்தது. அவர் செருப்பைக் கழற்றின சத்தத்துக்கு அந்தக் கை சட்டென்று துண்டுக்குள் போனது. துண்டும் ஆடியது.

"என்னங்க, இந்நேரத்துல?"

"எத்தன நாளா?"

"எது?"

"கை."

அவள் ரேடியோவை நிறுத்தினாள். "காஜா வேலைய விடறதுக்கு முன்னாடியே."

"கண்ணு தெரியலன்னு சொன்ன."

"கண்ணுன்னா கண்ணாடி வாங்கிக் குடுப்பீங்க. இதுக்கு என்ன வாங்கிக் குடுப்பீங்க? தர்மாஸ்பத்திரில கேட்டேன். கொறையாது, ஏறத்தான் செய்யும்னாங்க."

அவர் கீழே உட்கார்ந்தார்.

"நீங்க இருக்கறப்ப தொடைக்கடியில வச்சுக்குவேன். மரத்துப் போனா கொஞ்ச நேரம் நிக்கும். நீங்க வாட்ச் கட்டறப்பவும் கழட்டறப்பவும் அப்படித்தான்" என்றாள், ஏதோ சமையல் பக்குவம் சொல்வது மாதிரி. பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். "வாட்ச்சுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா? எனக்கு ஒரு நாள்கூட நின்னதில்லையே."

"நிக்காது."

"பின்ன?"

"மத்தவங்க கையில நிக்குது."

அவள் துண்டைப் பார்த்தாள். வெளியே தெருவில் யாரோ தள்ளுவண்டியைக் கல்லில் ஏற்ற முடியாமல் பின்னுக்கு இழுத்து மறுபடி தள்ளினார்கள்.

"அந்த எட்டு நாளும் இப்படித்தான் ஆடுச்சா?" என்று கேட்டார்.

"அப்போ கொஞ்சம் கம்மி." துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "நான் சொல்லியிருக்கணுமோ?"

என்ன சொன்னாலும் இரண்டாயிரமும் திரும்பித்தான் வரும். பட்டைக்காரர் வேறு வேலை தேடுவார். கண்ணாடி அக்காவுக்கு அந்த வயதில் கிடைக்காது. நாளைக்கு அத்தனை பேர் முன்னால் நின்று, என் மனைவி கை நடுங்குவது எனக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டும். ஒரே வீட்டில் இருந்தும் தெரியாதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்காமல் குனிந்துகொள்வார்கள்.

"கழட்டிக் கொண்டுபோங்க. காட்டணும்ல" என்று அவளே கையை நீட்டினாள்.

வாரின் நுனியைப் பிடித்தார். நழுவியது. மறுபடி பிடித்து பக்கிளின் ஊசியைத் துளையிலிருந்து எடுக்கப் பார்த்தார். ஊசி இருக்கிற இடத்துக்கு விரல் போவதற்குள் அது வேறு இடத்தில் இருந்தது. இடது கையால் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். துடிப்பு அவர் முழங்கை வரைக்கும் ஏறியது.

"கொஞ்சம் நிறுத்திப் பிடி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நிறுத்தப் பார்த்தாள். நிறுத்தப் பார்க்கப் பார்க்க அது கூடியது. நெற்றியில் வியர்த்தது. அவர் இன்னும் இறுக்கிப் பிடித்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு கையும் சேர்ந்து ஆட, தகடு உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.