கிரணுக்கு டில்லிபாபுவின் பதில்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. கோவில்பதாகையில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் டில்லிபாபு போன வாரம் என்னிடம் ஓர் உதவி கேட்டார். இணையத்தில் அவருடைய ஷெட்டைப் பற்றிக் கிரண் என்பவன் மோசமாக எழுதியிருக்கிறான். அதற்குப் பதினைந்து வரியில் ஒரு பதில் வேண்டும்.

"நீங்க கதையெல்லாம் எழுதறவரு சார். உங்க வண்டிக்கும் இதே கறும்புகை கம்ப்ளெயின்ட்தான் வந்துச்சு, நம்ம கையாலதான் சரியாச்சு. நீங்க எழுதினா நாலு பேர் நம்புவாங்க."

அவசரத்துக்குக் காரணம் உண்டு. திருநின்றவூரில் சாவித்திரி என்ற அம்மாள் கம்பெனி ஊழியர்களை ஏற்றி இறக்க ஏழு பழைய டீசல் கார்களை ஓட்டுகிறார். ஏழையும் டில்லிபாபுவிடம் விடுவதாக இருந்தார். கிரண் எழுதியதை மருமகன் காட்டிய நாளிலிருந்து யோசிக்கிறார். இந்த ஞாயிறு மாலை வந்து முடிவு சொல்வார். வண்டிகள் வந்தால் ஷெட் பிழைக்கும். வராவிட்டால் ஷெட்டைப் பூட்டிவிட்டு, ஐம்பத்தொரு வயதில் இன்னொருவர் ஷெட்டில் ஸ்பேனர் பிடிக்கப் போக வேண்டும்.

பதிலில் என்ன இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

"அந்தக் கிரண் புள்ளைய திட்டாதீங்க சார். வண்டி புகை உட்டது நெஜம், நான் கண்டுபுடிக்காததும் நெஜம். அப்பால இன்னா கோளாறுன்னு தெரிஞ்சுதான்னு கேளுங்க. அவரோட ஒடம்பு முடியாத பாப்பா இப்ப எப்படி கீதுன்னும் கேளுங்க."

எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லியிருக்கக் கூடாது.

தொடக்கம் ஒன்று: "அன்புள்ள கிரண், தங்களுக்கு நேர்ந்த மனவருத்தத்துக்கு—" (வங்கியிலிருந்து வரும் கடிதம் மாதிரி இருக்கிறது. வேண்டாம்.)

தொடக்கம் இரண்டு: "நானும் டில்லிபாபுவின் வாடிக்கையாளன். என் வண்டியை அவர்தான் சரி—" (பொய். நிறுத்திவிட்டேன்.)

தொடக்கம் மூன்று: "கிரண் என்று ஒருவர்—"

மூன்றாவது அங்கேயே நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

2

கிரண் என்று ஒருவர் இல்லை. அது நான்தான்.

நான்கு மாதங்களுக்கு முன், மதியச் சாப்பாட்டு இடைவேளையில், புதிதாக ஒரு கணக்குத் தொடங்கி எழுதினேன். சொந்தச் சரக்கு, தாராளமாக மேற்கோள் காட்டலாம்:

"அம்பத்தூரில் ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். என் வெள்ளை டீசல் காரை இங்கே விட்டது என் தவறு. புகை நிற்கவேயில்லை. பின் சீட்டில் இருந்த என் ஐந்து வயது மகள் பவ்யா, வீசிங் உள்ள குழந்தை, மூச்சுத் திணறிப் போனாள். இந்த மெக்கானிக்குக் கோளாறைக் கண்டுபிடிக்கவும் தெரியாது, தெரியாது என்று சொல்லவும் தெரியாது."

என் கார் சாம்பல் நிறம். எனக்கும் ஐடிக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. என் வீட்டில் வீசிங் உள்ள குழந்தை இல்லை. எந்தக் குழந்தையும் இல்லை. அடையாளம் தெரியாமலிருக்க நிறத்தையும் வேலையையும் மாற்றினேன், சரி. குழந்தையை எதற்குச் சேர்த்தேன்? பத்தி சப்பென்று இருந்தது, அதனால் சேர்த்தேன். பதினான்கு வருடமாகக் கதை எழுதுகிறவனுக்கு எங்கே அழுத்தினால் வலிக்கும் என்று தெரியும்.*

(* கிரணின் கடைசி வாக்கியம் வந்து விழுந்தபோது எனக்கு ஏற்பட்ட திருப்தியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். என் இரண்டு தொகுப்புகளையும் சேர்த்து வாங்கியவர்கள் முந்நூறு பேர் இருப்பார்கள். இந்த ஐந்து வரியைப் படித்தவர்கள் அதைவிட அதிகம்.)

3

இனி வண்டிக்கு வருகிறேன்.

பதின்மூன்று வயதான டீசல் கார். ஆக்சிலரேட்டரை மிதித்தால் இழுக்காது, பின்னால் கறும்புகை கொட்டும். மீட்டரில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். ஆவடி சிக்னலில் பின்னால் நின்ற இருசக்கர வண்டிக்காரர்கள் என் பரம்பரையையே விசாரித்தார்கள்.

டில்லிபாபு கோளாறு காட்டும் ஸ்கேனரைச் செருகுவதற்கு முன் புகையைத்தான் பார்த்தார். "கறுப்புன்னா டீசல் ஜாஸ்தி, காத்து கம்மி. நீலம்னா ஆயில் எரியுது. வெள்ளைன்னா அது வேற கதை." பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"ஏர் ஃபில்டர் பக்கம் யார்னா கை வச்சீங்களா சார்?"

"இல்லியே."

கதை இந்த இடத்தில்தான் தொடங்கியிருக்க வேண்டும். அதற்கு இரண்டு வாரம் முன்னால், செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, நானே ஃபில்டர் பெட்டியைத் திறந்தேன். உள்ளே போகும் காற்றை அளக்கிற சென்சாரைக் கழற்றி, மஞ்சள் துணியைப் பெட்ரோலில் நனைத்து நன்றாகத் துடைத்தேன். விரல்கூடப் படக் கூடாத பொருளாம் அது. துடைத்த மறுவாரம் புகை தொடங்கியது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. படித்தவன், வீடியோ பார்த்துக் கையை விட்டேன் என்று ஒரு மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

அவர் என்னை நம்பினார். அந்த ஓர் இடத்தை விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்திலும் தேடினார். ஸ்கேனர் சொன்ன புகை வால்வைக் கழற்றிக் கரியைச் சுரண்டினார், டர்போ குழாயில் ஓட்டை தேடினார், இன்ஜெக்டரைச் சோதித்தார். மூன்று நாள் புகை குறைந்து, நாலாம் நாள் திரும்ப வந்தது. அவரிடம் போய்ச் சொல்லாமல் நான் கிரண் ஆனேன்.

ஒரு மாதம் கழித்துக் குமணன்சாவடியில் அப்துல் ரசாக் என்ற மெக்கானிக்கிடம் போனேன். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நேராகச் சென்சாரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"யாரோ துணி போட்டுத் துடைச்சிருக்காங்க. பாருங்க, நூல் ஒட்டிக்கினு கீது."

"நீங்க ஏன் முதல்ல என்னைக் கேக்கல?"

"கேட்டா எல்லாரும் இல்லன்னுதான் சார் சொல்வாங்க."

சென்சார் முழுதாகச் செத்திருந்தால் ஸ்கேனர் காட்டிக் கொடுத்திருக்கும். அது உயிரோடு இருந்து, வராத காற்றை வந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தது. வண்டியின் கம்ப்யூட்டர் அதை நம்பி டீசலைக் கூடுதலாக ஊற்றியது. புது சென்சார் போட்டதும் புகை நின்றது.

அந்த வாரமே டில்லிபாபு போன் செய்தார். "புகை நின்னுச்சா சார்?" என்று கேட்டார். "நின்னுடுச்சு" என்றேன். அது உண்மைதானே? தான் சுரண்டிய கரியால் நின்றது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

4

கிரணை நான் ஒழுங்காகப் படைத்தேனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. என் பாத்திரங்களில் ரத்தம் ஓடவில்லை என்று சொன்னவர்கள் உண்டு. "உங்க கதையில வர்றவங்க யாரும் சாப்பிடறதேயில்ல" என்பாள் என் மனைவி ரேகா. டில்லிபாபுவோ நான்கு மாதமாக ஷெட்டின் பழைய கணக்கு நோட்டுகளைப் புரட்டிக் கிரணைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

"கிரண்ணு பேரே இல்ல சார். டிரைவர் கொண்ணாந்து உட்டுட்டு அவன் பேர குடுத்திருப்பான். பாவம், ஆபீஸ் டென்ஷன், கொழந்தைக்கு வேற ஒடம்பு முடியல. கோவம் வரும்ல?"

நான் கொடுக்காத இரக்கத்தை அவர் கிரணுக்குக் கொடுத்துவிட்டார். என் பாத்திரத்தை என்னைவிட நன்றாக எழுதுகிறார்.

பிறகு, சாதாரணமாகத்தான் சொன்னார்: "இப்பல்லாம் கறும்புகைன்னு வண்டி வந்தா வேற எடம் பாருங்கன்னு அனுப்பிச்சிடறேன். கொழந்தைங்க ஏறுற வண்டி சார்."

எனக்கு அவமானமாக இருந்தது. இதற்கு உவமை தேடப் போவதில்லை.

5

முடிவுகள்:

(அ) நீக்கிவிடுவது. நீங்களும் இதைத்தான் நினைத்திருப்பீர்கள். ஆனால் சாவித்திரியம்மாவின் மருமகன் அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறார். திடீரென்று காணாமல் போனால், காசு கொடுத்து நீக்க வைத்தார்கள் என்று ஆகும்.

(ஆ) பதினைந்து வரிப் பதில். எழுதிவிட்டேன். அழகாகவே வந்திருக்கிறது. குழந்தையைப் பற்றிய வரி மட்டும் அதில் இல்லை. நாலு தடவை எழுதி நாலு தடவையும் அடித்தேன்.

(இ) கிரணே வந்து எழுதுவது: "தவறு என்னுடையது. சென்சாரைத் துடைத்தது நான். டில்லிபாபு மன்னிக்க வேண்டும்." பிரமாதமான முடிவு. எல்லாருக்கும் எல்லாம் கிடைத்துவிடும், என் பெயரும் கெடாது. டில்லிபாபு என்னிடமே வந்து, "பாத்தீங்களா சார், எவ்ளோ நல்ல மனுஷன்" என்பார். நான் ஆமாம் என்று தலையாட்ட வேண்டும். அதை நினைத்தால்தான்—

(ஈ)

6

ஞாயிறு மாலை, நாலரை மணி. ஷெட் வாசலில் காருக்குள் உட்கார்ந்தபடி (ஆ)வை அவருக்குப் படித்துக் காட்டினேன். ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு முழுவதும் கேட்டார்.

"சூப்பரா கீது சார். ஆனா வேணாம்."

"ஏன்?"

"அந்தம்மா அஞ்சு மணிக்கு வராங்க. வண்டி எனக்கு வேணாம்னு சொல்லிடப் போறேன். வேலைக்குப் போற பொம்பளப் புள்ளைங்க நம்பி ஏறுற வண்டி சார். ஒரு வண்டிலயே கோளாறு இன்னான்னு தெரியாம உட்டவன், ஏழு வண்டிக்கு எப்படிப் பொறுப்பு ஏத்துக்கறது? அந்தப் புள்ள எழுதினது கரெக்ட்டுதான். எனக்குத் தெரியல."

"அப்படியில்ல டில்லிபாபு..." என்றேன்.

"கொழந்த எப்படி கீதுன்னு மட்டும் கேட்டுப் போட்டுடுங்க சார். அது போதும்."

எல்லா முடிவுகளும் இந்த இடத்தில் கெட்டுப்போயின. அவருக்கு இப்போது எழுதியது எதுவும் வேண்டாம். துடைத்தது நான், உங்களிடம் இல்லை என்று சொன்னதும் நான், உங்களுக்கு வேலை தெரியும், அந்தக் குழந்தை பிறக்கவேயில்லை: இவ்வளவையும் வாயால் சொல்ல வேண்டும். படிக்கிற உங்களிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது, அதனால் சுலபமாக இருந்தது.

டில்லிபாபு இன்னும் ஜன்னலருகில் நிற்கிறார். நான் செல்போனில் தட்டிக்கொண்டிருப்பது குழந்தையைப் பற்றிய கேள்வி என்று நினைக்கிறார். தட்டிக்கொண்டிருப்பது இந்தக் கடைசிப் பகுதியைத்தான். ஐந்துக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது. எழுதிக்கொண்டே இருக்கும் வரை நான் பேச வேண்டியதில்லை. நீங்கள் படித்துக்கொண்டே இருக்கும் வரை நான் எழுதிக்கொண்டே இருப்பேன், என்னை எனக்குத் தெரியும்.

ஆகவே, தயவுசெய்து, படிப்பதை இங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.