ரத்தான வண்டியில் இடம்

மாமல்லபுரத்தில் உலகத் தலைவர்கள் கூடிய வருடம், சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனில், ரத்தான ரயிலுக்குள் ஜாக்குலின் ஒரு கர்ச்சீப்பைப் போட்டு இடம் பிடித்தாள். ஓடாத வண்டியில் இடம் பிடிப்பது முறையா என்பதில் ஊரில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. இடம் கிடைத்தது என்பதில் ஒரே கட்சிதான். பார்த்தவர்கள் சில நூறு பேர் இருப்பார்கள். பார்க்காதவர்களும் பார்த்ததாகச் சொல்லிக்கொள்வதால் அந்தக் கணக்கு வருடா வருடம் ஏறிக்கொண்டே போகிறது.

மாநாட்டுக்காக அந்தக் கடற்கரைக்குப் போட்ட மேக்கப் கொஞ்சநஞ்சமல்ல. சுவர்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்கள், தெருநாய்களை வேனில் ஏற்றி எங்கேயோ கொண்டுபோனார்கள், படகுகளைக் கடலில் இறக்கக்கூடாது என்றார்கள், திருப்போரூர் வரைக்கும் இளநீர்க் கடைகளைத் தூக்கினார்கள், கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோக்களை ஓரங்கட்டினார்கள். கல்யாணம் வைத்திருந்தவர்கள் தேதியை மாற்றிக்கொண்டார்கள். விருந்தாளி வந்தால் கிழிந்த பாயைச் சுருட்டி வைப்பதுதானே வழக்கம் என்று ஜனங்களும் பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் இரண்டாம் நாள் விருந்தினர்களுக்குத் தொழிற்பேட்டையைப் பார்க்கும் ஆசை வந்தது. அவர்களுடைய கார்கள் சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட்டைக் கடந்தாகவேண்டும். மேம்பாலம் அப்போது வெறும் தூண்களாகத்தான் நின்றுகொண்டிருந்தது. எனவே செங்கல்பட்டுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மறு அறிவிப்பு வரும்வரை ஒரு வண்டியும் ஓடாது என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. பஸ்ஸும் கிடையாது. உலகம் கூடிப் பேசுவதற்காக உள்ளூர்க்காரன் வீட்டில் உட்காரவேண்டும் என்றார்கள்.

ஜாக்குலினால் உட்கார முடியாது. பல வருடமாகத் தற்காலிக நர்ஸாக இருந்து, போராட்டத்துக்குப் போய், வெயிலில் மயங்கி விழுந்து, கடைசியில் அவளுக்கு நிரந்தர வேலைக்கான உத்தரவு வந்திருந்தது. சென்னையில் ஒரு அரசு மருத்துவமனை. அன்று நண்பகலுக்குள் நேரில் போய்ச் சேரவேண்டும். இல்லையென்றால் அந்த இடம் வரிசையில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். உத்தரவு கைக்கு வந்ததே முந்தின நாள்தான், அதற்கும் மாநாடுதான் காரணம். ஆபீசுக்கு போன் செய்து ரயில் இல்லையே என்று கேட்டதற்கு, மாநாடு அவர்கள் இலாகா இல்லை, கடைசி நாள் என்றால் கடைசி நாள்தான் என்று பதில் வந்தது. அவளுடைய அப்பா கருப்பன் வீட்டில் அதுவரை யாருக்கும் அரசாங்கத்தில் இடம் கிடைத்ததில்லை. அதனால் வண்டி ஓடாது என்ற உத்தரவு தெரிந்தும் அவள் ஸ்டேஷனுக்குப் போனாள். வழியனுப்ப கருப்பனும் கூடவே போனார்.

பிளாட்பாரத்தில் நல்ல கூட்டம். வண்டி இல்லை என்று தெரிந்தும் வந்தவர்கள் பாதி, தெரியாமல் வந்தவர்கள் பாதி. தினமும் போகிறவர்களுக்கு லேடீஸ் கம்பார்ட்மெண்ட் எந்த இடத்தில் வந்து நிற்கும் என்பது காலுக்கே தெரியும். ஜாக்குலின் போய் அங்கே நின்றாள். வழக்கமாக வண்டி வரும் நேரம் வந்தது. ஒலிபெருக்கி பயணிகளின் கனிவான கவனத்தைக் கேட்டு, வருந்துகிறோம் என்றது. அந்த வருந்துகிறோம்தான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. கைப்பையிலிருந்து ரோஸ் கர்ச்சீப்பை எடுத்தாள், ஜன்னல் கம்பிக்குள் கைவிட்டுப் போடுவதுபோலவே உள்ளே வீசினாள். கர்ச்சீப் தண்டவாளத்தில் விழவில்லை. உட்காரும் உயரத்தில் போய்ப் படிந்து கிடந்தது. அவள் ஏறிப் போய்க் கையால் அழுத்திப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது. கர்ச்சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

யாரும் வாயைப் பிளக்கவில்லை. முதலில் எழுந்தது தகராறுதான். ஐ.டி. கம்பெனியில் வேலைபார்க்கும் சங்கரி, அந்த ஜன்னலோரம் தினமும் தான் போடுகிற இடம் என்றாள். துணி போட்டவர்களுக்குத்தான் இடம் என்று நாலு பேர் தீர்ப்புச் சொன்னதும், அவள் துப்பட்டாவை உருவி எதிர்ப்பக்கம் போட்டாள். அதுவும் நின்றது. பிறகு கேட்கவேண்டுமா? கர்ச்சீப், குடை, சாப்பாட்டுப் பை, தண்ணீர் பாட்டில் என்று கைக்கு வந்ததையெல்லாம் போட்டார்கள். மூன்று பேர் சீட்டில் நாலாவதாக வந்த ஒருத்தி கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னாள், முணுமுணுத்துக்கொண்டே தள்ளினார்கள். ஆண்கள் பக்கத்தில் ஒருவர் செய்தித்தாளைப் போட, அது இடம் பிடித்ததாகுமா என்று சண்டை வந்தது. சில வாலிபர்கள் உள்ளே எவ்வளவோ இடம் இருந்தும் படியில் தொங்கினார்கள். படி மட்டும் எங்கே இருந்தது என்று அவர்களைத்தான் கேட்கவேண்டும்.

கருப்பன் மட்டும் பிளாட்பாரத்திலேயே நின்றார். வாலிப வயதில் ஒருமுறை டவுன் பஸ்ஸில் அவர் துண்டைப் போட்டு இடம் பிடித்திருந்தார். ஊர்த் தெருக்காரர் ஒருவர் ஏறி வந்து, காலனிக்காரன் துண்டைக் கையால் தொடக்கூடாதென்று, குடைக்கம்பால் தூக்கி ஜன்னல் வழியாக வெளியே எறிந்தார். அதற்குப் பிறகு கருப்பன் எந்தச் சீட்டிலும் துண்டு போட்டதில்லை. காலி பஸ்ஸிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போவார். கேட்டால் காற்று வருகிறது என்பார். காலம் மாறி, அவருடைய மகள் நர்ஸாகி, காலனியில் பாதிப் பேர் கம்பெனி வேலைக்குப் போன பிறகும் அவருக்கு அந்தக் காற்று வந்துகொண்டே இருந்தது. ஜாக்குலினுக்கு அந்தக் கதை தெரியும். அவர் சொல்லவில்லை, ஊர் சொல்லியிருந்தது. அவள் ஜன்னல் இல்லாத ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

“நைனா, துண்ட போடு.”

“நான் எதுக்கும்மா? நீ போய்ட்டு வா.”

“போடு நைனா. நான் பாத்துகினு கீறேன்.”

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து, உதறி, நாலாய் மடித்து, ஜெனரல் பெட்டியின் முதல் சீட்டில் போட்டார். பிறகு தடுமாறி ஏறி, அதன் பக்கத்தில், போட்ட துண்டுக்கு மரியாதை கொடுத்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

இதற்குள் போலீஸ் வந்துவிட்டது. எல்லாத் துணியையும் எடுத்துக் கூட்டத்தைக் கலைக்கும்படி அதிகாரி உத்தரவு போட்டார். கான்ஸ்டபிள்கள் போனார்கள், குனிந்தார்கள், கையை நீட்டினார்கள். கை அதற்கு மேல் போகவில்லை. அவர்கள் எல்லாரும் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய் வளர்ந்தவர்கள். ஒருவர் துணி போட்ட இடத்தில் இன்னொருவர் கை வைப்பது எப்படி என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. சார், துணி போட்டிருக்குது சார் என்று ஒரு கான்ஸ்டபிள் அட்டென்ஷனில் நின்று அறிக்கை கொடுத்தார். அதிகாரிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. தானே விறுவிறுவென்று ஜெனரல் பெட்டிக்கு வந்து, கையிலிருந்த லத்தியின் நுனியைக் கருப்பனின் துண்டுக்கு அடியில் விட்டார்.

கருப்பன் எழுந்திருக்கவில்லை. லத்தியைப் பார்த்தார், அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

“ஒரு வாட்டி எடுத்தாங்க சார்,” என்றார். “அப்ப நான் சும்மா இருந்துட்டேன்.”

லேடீஸ் பெட்டியில் பேச்சு நின்றது. அந்த வண்டியில் அதுவரை பேச்சைத் தவிர வேறு சத்தமே இல்லாததால், அது நின்றது எல்லாருக்கும் கேட்டது. அதிகாரி லத்தியைத் தூக்கிப் பார்த்தார். துண்டு அசையவில்லை. இரண்டு கையாலும் தம் கட்டினார். லத்திதான் வளைந்தது. அவர் அதை உருவிக்கொண்டு பிளாட்பாரத்தில் இறங்கவும் வண்டி நகரவும் சரியாக இருந்தது. நகர்ந்த பிறகு ஓடிவந்து ஏறுகிறவர்கள் அன்றும் ஓடிவந்து ஏறினார்கள்.

கேட்டில் அன்று செங்கம்மாள் டியூட்டி. கேட்டைத் திறந்தே வைத்திருக்கவேண்டும், மூடினால் வேலை போய்விடும் என்று காலையிலேயே எச்சரித்திருந்தார்கள். கறுப்புக் கார்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அதே நேரத்தில் தெற்கே தண்டவாளத்தின் மேல், தரையிலிருந்து ஆள் உயரத்தில், சில நூறு பேர் உட்கார்ந்தபடி வருவதை அவள் பார்த்தாள். வண்டி வந்தால் கேட்டை மூடவேண்டும் என்பதுதான் அவளுக்குத் தெரிந்த சட்டம். மூடினாள். பாதுகாப்பு அதிகாரிகள் ஓடிவந்து ரயில் எங்கே என்று கத்தினார்கள்.

“சீட்டு கீது, சீட்ல ஆளுங்க குந்திகினு வராங்க,” என்றாள் செங்கம்மாள். “இதுக்கு மேல ரயிலுக்கு இன்னா வேணும்?”

கார்கள் நின்றன. உலகத்தின் பெரிய பெரிய நாடுகள் சிங்கப்பெருமாள் கோயில் கேட்டில், மூடிய கட்டைக்குப் பின்னால், மற்ற நாட்களில் மற்றவர்கள் காத்திருப்பதுபோலவே காத்திருந்தன. ஒரு காரின் கண்ணாடி இறங்கியது. உள்ளேயிருந்த விருந்தாளி கையை ஆட்டினார். லேடீஸ் பெட்டியில் யாரும் பார்க்கவில்லை. அவரவருக்கு இட்லி இருந்தது, பின்னவேண்டிய தலை இருந்தது. கருப்பன் பார்த்தார், ஆனால் கையை ஆட்டவில்லை. பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லாததால் இரண்டு கையும் சீட்டில் இருந்தன.

வண்டி எல்லா ஸ்டேஷனிலும் நின்றது, எல்லா ஸ்டேஷனிலும் துணிகள் பறந்துவந்து விழுந்தன. தாம்பரத்துக்கு வெளியே, வழக்கப்படி, காரணம் சொல்லாமல் வெகுநேரம் நின்றது. அதனால் ஜாக்குலின் ஆஸ்பத்திரி ஆபீசுக்குள் நுழைந்தபோது நண்பகல் தாண்டிவிட்டது. கிளார்க் கடிகாரத்தைக் காட்டினார். டயம் முடிந்தது, அடுத்தவருக்குத் தகவல் சொல்லப் போகிறோம் என்றார். ஜாக்குலின் அழுவாள் என்று அவர் எதிர்பார்த்திருக்கவேண்டும், ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார். அவள் உட்காரவில்லை. ரோஸ் கர்ச்சீப்பை எடுத்து, அவருக்கு முன்னால் திறந்திருந்த கோப்பின் மேல், தன் பெயர் இருந்த வரியின் மேல் போட்டாள்.

“காலைலயே இடம் போட்டாச்சு சார்.”

கிளார்க் தாம்பரத்திலிருந்து வருகிறவர். வாழ்க்கையில் பாதியை மின்சார ரயிலில் கழித்தவர். அவர் கர்ச்சீப்பைப் பார்த்தார், போனை எடுத்தார், வைத்தார், ஒருமுறை விரலை அதன் ஓரம் வரைக்கும் கொண்டுபோனார். பிறகு கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைக் காட்டினார்.

விசாரணை நடந்தது. அன்று அந்த மார்க்கத்தில் ரயில் எதுவும் ஓடவில்லை என்றும், ஓடிய ரயிலில் யாருக்கும் காயமில்லை என்றும் முடிவாயிற்று. செங்கம்மாளை வேலையை விட்டு எடுக்க வழியில்லை. வண்டி வந்தபோது கேட்டை மூடியது குற்றமென்று எந்த விதியிலும் இல்லை. அதற்கப்புறம் அந்தக் கரையில் எத்தனையோ கூட்டங்கள் நடந்தன. ரயிலை நிறுத்துவதாக அறிவிப்பார்கள். பெண்கள் கைப்பையைத் திறப்பார்கள். சற்று நேரத்தில் வண்டிகள் வழக்கம்போல் ஓடும் என்று மறு அறிவிப்பு வரும். மேம்பாலமும் கட்டி முடிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அதேபோல் இடம் போட்டுத் திரும்பி வந்து இறங்கியபோது எல்லாரும் அவரவர் துணியை எடுத்துக்கொண்டார்கள். கருப்பன் எடுக்கவில்லை. துண்டை மறந்துட்டியே நைனா என்று ஜாக்குலின் சொன்னதற்கு, மறக்கலம்மா, கெடக்கட்டும் என்றார். அது கிடக்கிறது. எந்த வண்டி வந்தாலும் ஜெனரல் பெட்டியின் முதல் சீட்டில் நாலாய் மடித்த துண்டு இருக்கும். தோன்றும்போது கருப்பன் வந்து ஏறுவார், கால்மேல் கால் போட்டுத் தாம்பரம்வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்புவார். மற்ற நாட்களில், மூச்சுவிட இடமில்லாத கூட்டத்திலும், அந்தச் சீட்டு காலியாகவே போகிறது. ஊருக்குப் புதிதாக வந்தவர் யாராவது துண்டை நகர்த்தக் கையை நீட்டுவார். நின்றுகொண்டிருப்பவர்கள் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலேயே சொல்வார்கள்:

“அங்க ஆளு கீது.”

அவர் கையை எடுத்துக்கொண்டு, கம்பியைப் பிடித்து நின்றுகொள்வார்.